கையில் ஸ்கேன் மெஷின், மனசுல சேவை... கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு காலை நேரம் சும்மா நின்று பாருங்கள். நத்தம் பஸ், வேடசந்தூர் பஸ், குஜிலியம்பாறை பஸ் என்று வரிசையாக வந்து நிற்கும். இறங்குகிற கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர் கையில் அந்தப் பெரிய கவர் இருக்கும். எக்ஸ்ரே கவர். மடங்கிவிடக் கூடாது என்று நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பார். இன்னொரு கையில் மஞ்சப்பை, அதற்குள் தண்ணீர் பாட்டில், பழைய சீட்டுகள்.

அந்தக் கவருக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. "டாக்டர்கிட்ட காட்டணும் தம்பி" என்பார். அவ்வளவுதான். படம் எடுக்க ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள், டாக்டரைப் பார்க்க ஒரு நாள் என்று மூன்று நாள் கூலி போயிருக்கும்.

இப்போது உங்கள் போனுக்கு வருவோம். இன்ஸ்டாவில் ஒரு ரீல் ஓடுகிறது. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு கிராமம். வெளிநாட்டு இளைஞர்கள் ஒரு குட்டி ஸ்கேன் கருவியைப் போனில் செருகி, கர்ப்பிணிப் பெண்ணுக்குக் குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டுகிறார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. "நாமளும் இப்படி ஒரு நாள் போகணும்டா" என்று நண்பருக்கு அனுப்புகிறீர்கள். ரேடியாலஜி டெக்னீஷியன் படிப்பு படிப்பவர் என்றால் அந்த ஆசை இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும்.

நல்ல ஆசைதான். ஆனால், அந்த ரீலில் காட்டாத ஒரு கேள்வி இருக்கிறது. படம் எடுத்தாச்சு... அதுக்கப்புறம்?

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

முதல் வாலன்டியர் ஒரு நோபல் விஞ்ஞானி

எக்ஸ் கதிரை வில்ஹெல்ம் ராண்ட்ஜன் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். அதனால்தான் அது அவ்வளவு வேகமாக உலகம் முழுக்கப் பரவியது. ஆனாலும், கருவி பெரிய ஊர்களின் ஆஸ்பத்திரிகளிலேயே நின்றுவிட்டது.

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. குண்டடிபட்ட சிப்பாய்கள் போர்முனையில் கிடக்கிறார்கள். எக்ஸ்ரே கருவியோ நகரத்தில் இருக்கிறது. அப்போது ஏற்கெனவே இரண்டு நோபல் பரிசு வாங்கியிருந்த மேரி கியூரி, தன் ஆய்வை நிறுத்திவிட்டுக் கிளம்பினார். வசதி படைத்தவர்களிடம் கார், வேன் கேட்டு வாங்கினார். அதற்குள் எக்ஸ்ரே கருவியைப் பொருத்தினார். கரன்டுக்கு வண்டி இன்ஜினிலேயே ஓடும் டைனமோ. இப்படி உருவான வண்டிகள் சுமார் 20. மக்கள் அவற்றைச் செல்லமாக 'குட்டி கியூரிகள்' என்றே அழைத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கியூரி வண்டியை மட்டும் அனுப்பவில்லை. தானே கார் ஓட்டக் கற்றார். மனித உடற்கூறு படித்தார். 17 வயதான மகள் ஐரீனைக் கூட அழைத்துக்கொண்டார். சுமார் 150 பெண்களுக்கு எக்ஸ்ரே எடுக்கப் பயிற்சி கொடுத்தார். வண்டிகளோடு சேர்த்து, சுமார் 200 நிரந்தர எக்ஸ்ரே அறைகளையும் அமைக்க வைத்தார். படம் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே குண்டை வெளியே எடுக்கும் அறுவை மருத்துவர் இருந்தார். அதாவது கரன்ட், ஆள், பயிற்சி, சிகிச்சை என எல்லாமே சேர்ந்து போனது.

நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் இந்த வேலைக்கு இதைவிடச் சரியான மாடல் கிடையாது.

ஐந்து கண்ணி, ஒரு சங்கிலி

ஒரு கிராமத்து கிளினிக்கில் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ உண்மையிலேயே ஒருவருக்குப் பயன்பட வேண்டும் என்றால், ஐந்து விஷயங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மீதி நான்கும் வீண்.

முதல் கண்ணி, கருவியும் கரன்டும். மார்பு எக்ஸ்ரே எடுக்கும் குழாய்க்குள் ஒரு லட்சம் வோல்ட் அளவில் அழுத்தம் போகும். கரன்ட் ஏறி இறங்கும் ஊரில் இது தாங்காது. இப்போது பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால், பழுதானால் யார் சரிசெய்வது, பாகம் எங்கே கிடைக்கும் என்பது அதே கேள்வியாகத்தான் நிற்கிறது. வசதி குறைந்த நாடுகளின் மருத்துவக் கருவிகளைப் பற்றி 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, அங்குள்ள கருவிகளில் சுமார் 40 சதவிகிதம் இயங்காமல் கிடப்பதாகச் சொன்னது. நன்கொடையாக வந்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து, பிறகு மூலையில் துணி போர்த்தி நிற்கும் கருவிகளும் அதில் சேர்த்திதான்.

இரண்டாவது, படம் எடுக்கிற ஆள். 'பட்டனை அமுக்கினா படம் வந்துடும்' என்று நினைத்தால் தப்பு. மார்பு எக்ஸ்ரேயில் ஆள் கொஞ்சம் திரும்பி நின்றாலோ, மூச்சை முழுசாக இழுக்காமல் விட்டாலோ, இதயம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். நுரையீரலில் இல்லாத நோய் இருப்பதுபோலத் தோன்றும். இருக்கிற நோய் மறைந்தும் போகும். "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே புடிங்க..." என்று அந்த டெக்னீஷியன் சொல்வது சடங்கு இல்லை. அதுதான் படத்தின் உயிர்.

மூன்றாவது, படத்தைப் படிக்கிற ஆள். ரேடியாலஜிஸ்ட்டுகள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கிறார்கள். கிராமத்தில் எடுத்த படம் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், படம் என்பது பூட்டு, ரிப்போர்ட்தான் சாவி. திண்டுக்கல்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

நான்காவது, சிகிச்சை. மார்பில் கட்டி என்று மேமோகிராம் சொல்லிவிட்டது. அடுத்து திசு பரிசோதனை எங்கே? அறுவை எங்கே? காசு யார் கொடுப்பது? இதற்குப் பதில் இல்லாமல் ஒரு பெண்ணிடம் 'உனக்குச் சந்தேகமா இருக்கு' என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி கிளம்பிவிட்டால், அவருக்கு நாம் கொடுத்தது பயம் மட்டும்தான்.

ஐந்தாவதுதான் எல்லோரும் மறப்பது. கூட வருகிற ஆள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, அர்த்தத்தைச் சொல்லி, அடுத்த இடத்துக்கு அழைத்துப்போய், மாத்திரை முடிகிற வரை 'எப்படி இருக்கீங்க' என்று கேட்கிறவர். இதற்குக் கருவி தேவையில்லை. பட்டம்கூடத் தேவையில்லை.

உலகத்தில் இதைச் சரியாகச் செய்தவர்கள்

அமெரிக்காவில் 2008-ல் டேனியல் மொல்லுரா என்ற ரேடியாலஜிஸ்ட் 'ராட்-எய்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழை நாடுகளுக்கு ரேடியாலஜி வசதியைக் கொண்டுபோவதுதான் வேலை. அவர்கள் போகிற ஊருக்கு எடுத்தவுடன் மெஷினை அனுப்புவதில்லை. முதலில் ஒரு நீண்ட கேள்வித்தாள் போகும். கரன்ட் எத்தனை மணி நேரம்? தண்ணீர் இருக்கிறதா? என்ன நோய் அதிகம்? டெக்னீஷியன் எத்தனை பேர்? நோய் தெரிந்தால் எங்கே அனுப்புவீர்கள்? இதற்குப் பதில் வந்த பிறகே அடுத்த திட்டம்.

இந்தியாவிலும் இவர்கள் கைகோத்த ஒரு திட்டம் உண்டு. சண்டிகரின் பி.ஜி.ஐ மருத்துவமனையோடு சேர்ந்து 2012-ல் தொடங்கிய 'ஆஷா ஜோதி' வேன். சுற்றுவட்டாரப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு மேமோகிராம், எலும்பு தேய்மானத்துக்கு ஒரு ஸ்கேன், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என மூன்றும் ஒரே வண்டியில். சந்தேகம் வந்தால் அனுப்ப, பின்னால் ஒரு பெரிய அரசு மருத்துவமனை இருந்தது. நான்காவது கண்ணியை முதலில் கட்டிவிட்டு, பிறகு வண்டியை எடுத்தார்கள்.

உகாண்டாவில் 'இமேஜிங் தி வேர்ல்டு' என்ற அமைப்பு வேறொரு வழி கண்டுபிடித்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழக ரேடியாலஜிஸ்ட் கிறிஸ்டன் டிஸ்டிக்டர் அதில் முக்கியமானவர். கிராமத்து மருத்துவச்சிகள், செவிலியர்களிடமே ஸ்கேன் கருவியைக் கொடுத்தார்கள். வயிற்றில் எங்கிருந்து எங்கே கருவியை நகர்த்த வேண்டும் என்று வரையறுத்த சில கோடுகள். அந்தக் கோட்டில் இழுத்தால் போதும். பதிவான படம் மொபைல் நெட்வொர்க் வழியாகப் போகும். தூரத்தில் இருக்கும் மருத்துவர் படித்துப் பதில் அனுப்புவார். குழந்தை தலைகீழாக இருக்கிறதா, நஞ்சுக்கொடி வழியை அடைத்திருக்கிறதா என்று பிரசவத்துக்கு முன்பே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் அந்த அம்மாவை முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். வெளியே இருந்து வந்தவர்கள் திரும்பிப் போன பிறகும் வேலை நடந்தது. ஏனென்றால், கருவி உள்ளூர் ஆளின் கையில் இருந்தது.

'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பிலும் இப்படி ஒரு டெலிமெடிசின் தளம் இருக்கிறது. போர் நடக்கும் ஊரில், அகதி முகாமில் எடுத்த படத்தை வேறொரு நாட்டில் இருக்கும் நிபுணர் பார்த்துக் கருத்துச் சொல்வார். விமானம் ஏறாமலே செய்கிற சேவை.

"சூப்பர்! நானும் ஒண்ணு வாங்கிட்டு வரேன்"... நில்லுங்க!

போனில் செருகும் ஸ்கேன் கருவிகள் உண்மையிலேயே வந்துவிட்டன. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு கருவி, அன்று சுமார் 2,000 டாலருக்கு அறிமுகமானது. நல்ல லேப்டாப் விலை. 'ஃபாரின்ல இருக்கற மாமாகிட்ட சொல்லி ஒண்ணு வாங்கிட்டு வந்து, லீவுல ஊருக்கு ஊரு கேம்ப் போட்டா என்ன?' என்று தோன்றலாம்.

உகாண்டாவில் பாராட்டு கிடைக்கிற அதே வேலைக்கு, இங்கே ஜெயில் கிடைக்கும்.

காரணம், 1994-ல் வந்த கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம். இந்தியாவில் எந்த ஸ்கேன் கருவியாக இருந்தாலும் அது இருக்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பயன்படுத்துபவர் தகுதி பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். கையில் தூக்கிச் செல்லும் கருவிகளுக்கு 2012-ல் இன்னும் கடுமையான விதிகள் வந்தன. பதிவு பெற்ற கட்டடத்துக்குள்ளே, அல்லது பல மருத்துவச் சேவைகளோடு பதிவு பெற்ற நடமாடும் மருத்துவ வண்டிக்குள்ளே மட்டும்தான் அதை உபயோகிக்கலாம். மீறினால் முதல் தடவையே 3 ஆண்டுகள் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 'நான் ஃப்ரீயாத்தான சார் பண்ணேன்' என்பது செல்லாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலைச் செய்தி 1980-களில் நாட்டையே உலுக்கியது. தமிழக அரசு 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல் எனப் பல மாவட்டங்களுக்கு விரிவாக்கியது. பிறந்த பிறகு நடந்த கொலையை, பிறக்கும் முன்பே செய்ய ஸ்கேன் கருவி வழி காட்டிவிடக் கூடாது என்பதுதான் அந்தச் சட்டத்தின் கவலை. மெஷின் ஒன்றுதான். ஊரின் வரலாறு வேறு. அதனால் விதியும் வேறு.

எக்ஸ்ரேவுக்கும் விதி உண்டு. கருவியை வைத்திருப்பவர் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற வேண்டும். ஒருமுறை எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு நோயாளிக்கு மிகக் குறைவுதான். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாள்களில் இயல்பாகவே நம் மேல் படுகிற அளவு. ஆனால், தினமும் நூறு பேருக்கு எடுக்கும் டெக்னீஷியனுக்கும், பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கும் கணக்கு வேறு. கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதும் அதனால்தான்.

வெளிநாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கும் இதே பாடம். இங்கே படித்த பட்டம் அங்கே தானாகச் செல்லாது. அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலின் தற்காலிக அனுமதி வேண்டும். 'டூரிஸ்ட் விசால போய் கொஞ்சம் ஹெல்ப் பண்ணிட்டு வரேன்' என்று அழைத்துப் போகும் ஏஜென்ட் யாராவது வந்தால், உஷார். நம் ஊரில் செய்யத் தகுதியில்லாத ஒரு வேலையை, ஏழை நாடு என்பதற்காக அங்கே போய்ச் செய்வது சேவை ஆகாது.

நம்ம ஊர்ல வந்து தங்கினவங்க

தொலைதூரக் கிராமத்துக்கு மருத்துவம் கொண்டுபோவது திண்டுக்கல்லுக்குப் புதிது இல்லை.

சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது, தெரியும்தானே? 1947-ல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கியது. சௌந்தரம் யார் தெரியுமா? டி.வி.எஸ் நிறுவனர் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள். இளவயதிலேயே கணவரை இழந்து, பிறகு டெல்லியில் மருத்துவம் படித்தார். சென்னையில் வசதியாக பிராக்டீஸ் செய்திருக்கலாம். கிராமத்துக்கு வந்தார். அங்கே சின்னதாக ஆரம்பித்த தாய் சேய் மருத்துவப் பணிதான் இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனை.

ஒட்டன்சத்திரம் என்றால் உங்களுக்குக் காய்கறி மார்க்கெட் ஞாபகம் வரும். அங்கேதான் 1955-ல் டாக்டர் ஏ.கே.தரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் உள்ளிட்டவர்கள் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள். இந்த ஊரிலேயே வேர்விட்டார்கள்.

இவர்கள் இரண்டு வாரம் வந்து போட்டோ எடுத்துப் போனவர்கள் இல்லை. தங்கியவர்கள். அதனால்தான் ஐந்தாவது கண்ணி அறுபடவில்லை. போன வாரம் படம் எடுத்த பாட்டி இந்த வாரம் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே ஆள் இருந்தார்கள்.

எல்லோரும் அப்படி வாழ்க்கையையே கொடுக்க முடியுமா என்றால், முடியாது. அது தேவையும் இல்லை. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் எக்ஸ்ரே, ஸ்கேன் வசதி இருக்கிறது. முதல் நான்கு கண்ணிகள் முன்பைவிட எவ்வளவோ பரவாயில்லை. அப்போ எங்கே இடிக்குது?

இருமல்ல ஆரம்பிக்குது விஷயம்

காசநோயை எடுத்துக்கொள்வோம். சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்நின்று, 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. எக்ஸ்ரே பொருத்திய வண்டிகள் ஊர் ஊராகப் போயின. இருமல், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா? எக்ஸ்ரே மட்டும் எடுக்காமல் விட்டிருந்தால், கண்டுபிடித்த காசநோயாளிகளில் 42.6 சதவிகிதம் பேர் தவறிப் போயிருப்பார்கள். அவர்களில் யாருக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி அறிகுறி இல்லை. எக்ஸ்ரேதான் காட்டிக்கொடுத்தது.

இன்னொரு எண் இதைவிட வலிக்கும். அறிகுறி இருந்தவர்களிலேயே சுமார் 64 சதவிகிதம் பேர் எந்த மருத்துவரையும் பார்க்கவே இல்லை. பெரும்பாலானவர்கள் அறிகுறியைப் பொருட்படுத்தவில்லை. 'சாதா இருமல்தான், சரியாப் போயிடும்.'

நம் மாவட்டத்தில் இது யாராக இருக்கும் என்று யோசியுங்கள். வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் ஷிஃப்ட் பார்க்கும் அக்கா. 'பஞ்சு தூசி, அதான் இருமுது' என்பார். குவாரியில் கல் உடைக்கிற அண்ணன். 'புழுதி' என்பார். விடியும் முன்பே நிலக்கோட்டைக்குப் பூ பறித்துக் கொண்டுபோகும் சித்தி. 'பனி' என்பார். எல்லோரிடமும் இருமலுக்கு ஒரு காரணம் தயாராக இருக்கிறது. லீவு போட்டால் கூலி போகும் என்பது, வெளியே சொல்லாத இன்னொரு காரணம்.

எக்ஸ்ரே வண்டி ஊருக்கே வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த பிறகு, 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் மார்பு எக்ஸ்ரேயை முதலில் கம்ப்யூட்டரே பார்த்து 'இதைக் கவனியுங்கள்' என்று பிரித்துக் கொடுப்பதும் சாத்தியமாகிவிட்டது. அது தீர்ப்பு இல்லை, ஒரு சந்தேகம் மட்டும். அதன் பிறகு சளிப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். பெரும்பாலானோருக்கு 6 மாதம். 2024 நவம்பரிலிருந்து, சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது.

எல்லாம் இருக்கிறது. ஆனால், வண்டி வந்து நிற்கும் காலை, அந்த அக்கா நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். படம் எடுத்தவர்களில் 'சளி டெஸ்ட்டுக்கு வாங்க' என்று போன் வந்த ஒருவர், 'யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க' என்று போகவில்லை. சங்கிலி அறுவது இங்கேதான். இதை ஒட்ட வைக்க, ஆப்பிரிக்கா போகிற அளவுக்கு ஆர்வம் உள்ள உங்களைப் போன்ற ஒருவர் போதும்.

சரி, நாம என்ன பண்ணலாம்?

நீங்கள் மருத்துவம் சம்பந்தமே இல்லாதவராக இருந்தால்: உங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் ஒருவரை, ஒரே ஒருவரை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பைக்கில் ஏற்றிப் போய், காத்திருந்து, கொண்டுவந்து விடுங்கள். எக்ஸ்ரே வேன் எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறது என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். மில் ஷிஃப்ட் நேரத்தை அவர்களிடம் சொன்னால், வண்டி வரும் நேரத்தை அதற்கு ஏற்ப வைக்க வாய்ப்பு இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்‌ஷய் மித்ரா' திட்டத்தில் பதிவு செய்து, ஒரு காசநோயாளியின் சத்துணவுச் செலவை நண்பர்கள் சேர்ந்து ஏற்கலாம். சந்தேகம் கேட்க 104-ஐ அழைக்கலாம். காசநோய்க்கென்றே 1800-11-6666 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

நீங்கள் ரேடியாலஜி டெக்னீஷியன் மாணவராக இருந்தால்: முதலில் சரியான எக்ஸ்ரே எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மூச்சுப் பிடிக்கத் தெரியாத தாத்தாவையும், பயந்து அழும் குழந்தையையும், குறைந்த வசதியில் ஒரே தடவையில் சரியாகப் படம் எடுக்கிற திறமைதான் உலகத்தின் எந்தக் கிராமத்துக்கும் உங்கள் பாஸ்போர்ட். இரண்டு மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு ராட்-எய்ட் மாதிரியான அமைப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கு டாக்டர்கள் மட்டும் இல்லாமல், டெக்னீஷியன்கள், செவிலியர்கள், ஐ.டி ஆட்கள் எல்லோருமே தேவை. ஆன்லைனில் பாடம் எடுக்கிற வேலையும் உண்டு.

நீங்கள் ஐ.டி பையனாகவோ பொண்ணாகவோ இருந்தால்: மருத்துவப் படங்களைச் சேமித்து அனுப்ப, பெல்ஜியத்தில் உருவான 'ஆர்தாங்க்' மாதிரி இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் அதை நிறுவி, அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒரு மெஷினை நன்கொடையாகக் கொடுப்பதைவிட நீண்ட நாள் நிற்கும்.

யாராக இருந்தாலும்: இந்த ஒன்றை இன்றே செய்யலாம். வீட்டு பீரோ மேலே சுருட்டி வைத்திருக்கும் தாத்தாவின் பழைய எக்ஸ்ரேகளை எடுங்கள். தேதி வாரியாக ஒரு கவரில் போடுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான், தெரிகிற தழும்பு பழசா புதுசா என்று டாக்டருக்குத் தெரியும். அவசரத்துக்குப் போனில் அனுப்ப வேண்டி வந்தால், ஃபிலிமை வெள்ளைத் திரை வைத்த லேப்டாப் முன்போ, வெளிச்சமான ஜன்னல் முன்போ பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். நேராக எடுங்கள். ஓரத்தில் இருக்கும் பெயர், தேதி, இடது வலது குறி வெட்டுப்படக் கூடாது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் நுணுக்கங்கள் அழிந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். அப்படியும் அது முதல் கருத்துக்கு மட்டும்தான். முடிவுக்கு அசல் படம் டாக்டர் கைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, ஸ்டேட்டஸ் விஷயம். நோயாளியோடு செல்ஃபி, அவருடைய எக்ஸ்ரே, அவர் பெயர்... இதெல்லாம் உங்களுடையது இல்லை, அவருடையது. காசநோய் என்று ஊருக்குத் தெரிந்ததால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோக முடியும். உங்களுக்கு 200 லைக், அவருக்கு வாழ்க்கை.

இனி அடுத்த முறை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெரிய கவரோடு ஒருவர் இறங்குவதைப் பார்த்தால், கொஞ்சம் பக்கத்தில் போங்கள். "ஐயா, ஜி.எச்-க்கா? எந்த வார்டு? வாங்க, நானும் அந்தப் பக்கம்தான் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். விமான டிக்கெட்டோ விசாவோ மெஷினோ இதற்கு வேண்டாம்.

உகாண்டாவுக்கு அப்புறம் போகலாம்.